உலக்கை விழுந்த நேரம்

ராகுவின் மேல் எனக்கு இரக்கம் வந்தது ஒரு பொங்கலன்று பிற்பகலில், கரும்பு கடித்துக்கொண்டிருந்தபோது. அதுவரை அவனைப் பஞ்சாங்கத்தில்தான் தெரியும். தினமும் ஒன்றரை மணி நேரம் வந்து உட்கார்ந்துகொண்டு, யாரையும் நல்ல காரியம் செய்யவிடாமல் தடுத்துவிட்டுப் போகிற ஆள். அவனுக்கும் ஒரு கழுத்து இருந்தது, அது அறுபட்டது, அறுபடுவதற்கு முன்னால் அவனும் எல்லாரோடும் சேர்ந்து கடலைக் கடைந்தான் என்பதெல்லாம் மாமா சொல்லித்தான் தெரிய வந்தது.

மாமா அம்மாவின் தம்பி. தூத்துக்குடி துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தார். பெரிய கப்பல்களுக்குத் தாமாக உள்ளே வந்து நிற்கத் தெரியாது. மாமாவின் படகு வடம் கட்டி இழுத்துக்கொண்டு வர வேண்டும். அதனாலோ என்னவோ, பாற்கடல் கதையை அவர் கோயிலில் சொல்கிற மாதிரி சொல்லவில்லை, வடம் இழுக்கிறவர்களின் கட்சியில் நின்றுகொண்டு சொன்னார். மந்தர மலையை மத்தாக நட்டார்கள், வாசுகிப் பாம்பைக் கயிறாகச் சுற்றினார்கள் என்பதுவரை எல்லாரும் சொல்வதுதான்.

"தலப்பக்கம் அசுரன், வால்பக்கம் தேவன். பாம்பு மூச்சு விட்டா அனல் எவன் மேல அடிக்கும், சொல்லு பாப்போம்" என்று கேட்டார்.

அசுரன் மேல்தான் என்றேன்.

"பெறவு அமிர்தம் வந்ததும் மொதப் பந்தியில எவன உக்கார வச்சாங்க?"

தேவர்களை. பெருமாள் மோகினியாக வந்து, பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வரிசையில் தேவர்களையும் எதிர் வரிசையில் அசுரர்களையும் உட்கார வைத்து, தேவர்கள் பக்கமிருந்து ஊற்ற ஆரம்பித்தாராம். இந்த இடம் எனக்கு நன்றாகவே புரிந்தது. அந்தக் கார்த்திகையில்தான் ஒரு கல்யாண வீட்டில் பால் பாயசம் எங்கள் வரிசைக்கு வரும்போது தீர்ந்துபோயிருந்தது. பரிமாறுகிறவர் காலி வாளியைச் சாய்த்துக் காட்டிவிட்டு, அது ஏதோ எங்கள் குற்றம் என்பதுபோல் போய்விட்டார். பாற்கடலிலும் அப்படித்தான் தீரப்போகிறது என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்த ஓர் அசுரன், நைசாக எழுந்துபோய் எதிர் வரிசையில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டான். அவன் கையிலும் ஊற்றினார்கள். குடித்தும் விட்டான். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் காட்டிக்கொடுத்துவிட்டார்கள். மோகினி கையிலிருந்த அகப்பையாலேயே ஒரு போடு போட்டதில் தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். அமிர்தம் குடித்த ஆள் ஆகையால் இரண்டும் சாகவில்லை. தலை ராகு, உடம்பு கேது.

"அகப்பையுமில்ல, கரண்டியுமில்ல" என்று அடுக்களையிலிருந்து பெரிய அத்தையின் குரல் வந்தது. "சக்கரத்தால அறுத்தாரு. பிள்ளைக்குத் தப்புத் தப்பாச் சொல்லிக்குடுக்காதிய தம்பி."

மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெரிய அத்தையின் முகத்துக்கு நேரே சிரிக்கிற தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

பெரிய அத்தை அப்பாவின் அக்கா. ஆழ்வார்திருநகரியில் இருந்தவள். அப்பாவைப் பெற்றவர்கள் போனபிறகு அவள்தான் அந்தக் குடும்பத்துக்குத் தலை. அப்பாவின் தங்கை, நான் வெறுமனே அத்தை என்று கூப்பிடுகிறவள், தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். பெற்ற தாய் இல்லாத பிரசவம் என்பதால் தாயின் இடத்தில் நிற்கப் பெரிய அத்தை வந்து இறங்கினாள். இறங்கும்போது பஸ்ஸிலிருந்து ஓர் உலக்கையையும் இறக்கினாள். எங்கள் வீட்டில் மிக்ஸி உண்டு, கிரைண்டர் உண்டு, உலக்கை கிடையாது. உலக்கை இல்லாத வீட்டில் கிரகணத்தை எப்படிக் கழிப்பது என்று அவள் அம்மாவிடம் கேட்டபோது, அதுவரை அந்தக் குறை தெரியாமலே குடும்பம் நடத்திவிட்ட அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கலும் அமாவாசையும் சூரிய கிரகணமும் ஒரே நாளில் வந்தன. சாதாரணக் கிரகணமில்லை, எங்கள் ஊருக்கு நேர் மேலே சூரியன் வளையல் மாதிரி தெரியும் என்றார்கள். அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கடற்கரையில் கருவிகளை நிறுத்திக்கொண்டிருப்பதாக மாமா சொன்னார். பள்ளிக்கூடத்தில் டீச்சர், சந்திரன் குறுக்கே வந்து சூரியனை மறைப்பதுதான் கிரகணம், பாம்பும் இல்லை ஒன்றும் இல்லை என்று பலகையில் வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். எனக்கு அதுதான் குழப்பம். சந்திரனும் சூரியனும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒன்றாகச் சேர்ந்து கோள் சொன்னவர்கள். அவர்களுக்குள் ஏன் ஒருவரை ஒருவர் மறைத்துக்கொள்ள வேண்டும்? ராகு விழுங்கினால் அதில் ஒரு நியாயமாவது இருக்கிறது. மாமாவைக் கேட்டேன். "அதையும் எழுது, இதையும் எழுது. எதுக்கு மார்க் போடுதாங்களோ அது சரி" என்றார்.

பெரிய அத்தை முந்தின நாளே ஆயத்தம் தொடங்கிவிட்டாள். வீட்டிலிருந்த கத்தி, அரிவாள்மனை, கத்தரிக்கோல், நகவெட்டி எல்லாவற்றையும் சேகரித்து ஒரு பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் ஏற்றினாள். என் பென்சில் சீவியும் அந்த மூட்டையில் போயிற்று. அதில் இருப்பது நகத்தளவு பிளேடுதானே என்று நான் அழுதேன்.

"நகத்தளவு போதும்ளா" என்றாள். "வயித்துப் பிள்ளக்காரி இருக்க வீட்டுல கிரகண நேரத்துல எதையாவது அறுத்தா, பெறக்கிற பிள்ளைக்கு மேலுதடு பொளந்துரும். உதடு பொளந்தா பால் குடிக்கத் தெரியாது."

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. மூட்டையின் முடிச்சை மறுபடி அவிழ்த்து, இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் காலையிலேயே சாப்பாடு முடிந்தது. தண்ணீர்க் குடம், ஊறுகாய் பரணி, மாவுப் பானை எல்லாவற்றிலும் தர்ப்பைப் புல் கிடந்தது. அத்தையை உள்ளறையில் உட்கார வைத்து, ஜன்னல்களைப் போர்வையால் மூடிவிட்டார்கள். அவள் கீறக்கூடாது, சொறியக்கூடாது, சுருண்டு படுக்கக்கூடாது. பாவம், மூச்சுவிடுவது ஒன்றைத்தான் அனுமதித்திருந்தார்கள். முன்கூடமான பட்டாசலின் நடுவில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, பெரிய அத்தை அதில் உலக்கையை நிறுத்தினாள். கையை எடுத்தாள். உலக்கை ஒருவரும் பிடிக்காமல் நட்டுக்குத்தலாக நின்றது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ராகு பிடிச்சிருக்க மட்டும் நிக்கும். விட்டதும் தானா விழுந்துரும்" என்றாள். "நீ இங்கன உக்காந்து பாத்துக்க. விழுந்ததும் சொல்லணும்."

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. டிவியில் வேண்டுமானால் கிரகணம் விட மூன்று மணி ஆகும் என்று சொல்லட்டும், சுவரில் கடிகாரம் ஓடட்டும், எங்கள் வீட்டுக் கிரகணம் உலக்கை விழுந்தால்தான் விடும். அப்பா துறைமுகத்தில் டூட்டியில் இருந்தார். கப்பல்கள் கிரகணம் பார்ப்பதில்லை. மாமா அட்டைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார். நான் உலக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த நேரத்தில் ராகு மேலே வாயைத் திறந்து வைத்திருக்கிறான், அவன் தலைக்கும் எங்கள் உலக்கைக்கும் நடுவில் ஏதோ கண்ணுக்குத் தெரியாத வடம் இருக்கிறது, மாமாவின் படகுக்கும் கப்பலுக்கும் நடுவில் இருக்கிற மாதிரி. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளறையிலிருந்து அத்தை இரண்டு தடவை தண்ணீர் கேட்டாள். பெரிய அத்தை, "கொஞ்சம் பொறுத்துக்கடி தாயி" என்றாள். மூன்றாவது தடவை அத்தை தண்ணீர் கேட்கவில்லை, "மதினி" என்று அம்மாவைக் கூப்பிட்டாள். அந்தக் குரல் சரியாக இல்லை.

அம்மா ஓடினாள். பிறகு நடந்ததையெல்லாம் நான் கதவிடுக்கு வழியாகப் பாதியும், காதால் பாதியுமாகத்தான் தெரிந்துகொண்டேன். தரையில் தண்ணீர். குடம் எதுவும் உடையவில்லையே என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா, "பனிக்குடம் ஒடஞ்சிட்டு மதினி. தண்ணி பச்சையா வருது" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் பேசிய நர்ஸ் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. பிள்ளை உள்ளேயே மலம் கழித்துவிட்டது, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் பிள்ளைக்கு ஆபத்து என்பதுதான் அதன் சாரம்.

பெரிய அத்தை உள்ளறை வாசற்படியில் இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். பார்த்தால் வழிமறிக்கிற மாதிரியும் இருந்தது, விழாமல் பிடித்துக்கொள்கிற மாதிரியும் இருந்தது.

"உச்சிக் கிரகணம். இப்பம் வெளிய கொண்டுபோனா பிள்ள மேல பட்டுரும். கொஞ்ச நேரந்தான், விட்டுரும்."

"மதினி, ஆஸ்பத்திரியில" என்று அம்மா ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரி."

அம்மா சும்மா இருந்தாள். நாத்தனார் பிரசவத்தில் வீட்டுக்கு வந்த மருமகள் ஒன்றைச் சொல்லி, அது தப்பாகப் போய்விட்டால் ஆயுசுக்கும் அந்தப் பேச்சு நிற்கும். அப்பாவுக்குப் போன் போட்டாள். அப்பா, "அக்கா என்ன சொல்லுதா?" என்று கேட்டார். அம்மா சொன்னாள். கொஞ்ச நேரம் போனில் கிரேன் சத்தம் மட்டும் வந்தது. "நான் வாரேன். அது வரைக்கும் அக்கா சொல்லுத மாதிரி" என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டார். துறைமுகத்திலிருந்து வர அவருக்கு எவ்வளவு நேரமாகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

உள்ளே அத்தை முனகிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. அழுதால் உலக்கையைப் பார்க்காமல் விட்டுவிடுவேனோ என்று அழாமல் இருந்தேன்.

அப்போது மாமா வந்தார். அட்டைக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. வாயெல்லாம் சிரிப்பு. வளையல் மாதிரியே இருக்கு என்று சொல்ல வாயெடுத்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அம்மா காதோடு சொன்னாள். மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

"மதினி, ஒடன வரச் சொல்லுதாங்களாம். முக்குல ஆட்டோ நிக்கி" என்றார்.

பெரிய அத்தை அவரைப் பார்க்காமல், தாம்பாளத்தைக் கையால் காட்டினாள். "உலக்கை நிக்கில்லா தம்பி. விழட்டும். விழுந்த ஒடன போவோம்."

மாமா அந்த வீட்டுக்குப் பெண் கொடுத்த வீட்டு ஆள். கப்பலையே திருப்பி நிறுத்துகிறவர், ஆனால் அக்கா வாழ்கிற வீட்டில், அந்த வீட்டுப் பெண்ணின் பிரசவத்தில், அவர் குரலை உயர்த்த முடியாது. உயர்த்தினால் அதைத் தாங்க வேண்டியவள் அக்கா. அவர் பட்டாசலில் ஒரு பக்கமிருந்து மறு பக்கம் நடந்தார். அடுக்களை வரைக்கும் போனார். திரும்பி வந்தார். வரும்போது தாம்பாளத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராக வந்தார். வலது கால் தாம்பாளத்தின் விளிம்பில் பட்டது. தவறிப் படவில்லை. செருப்பைத் தேடுகிறவர் காலால் துழாவுவாரே, அப்படி மெதுவாக, தெரிந்தே பட்டது.

உலக்கை சாய்ந்தது. பித்தளையும் மரமும் தரையும் சேர்ந்து போட்ட சத்தத்தில் உள்ளே அத்தை முனகுவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் என் பாவாடையெல்லாம் தெறித்தது.

"விழுந்துட்டு மதினி" என்றார் மாமா.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பெரிய அத்தை எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். மாமாவின் காலைப் பார்த்தாள். காலிலிருந்து முகத்தைப் பார்த்தாள். சக்கரத்தால்தான் அறுத்தார் என்று அகப்பையைக்கூட ஒப்புக்கொள்ளாதவள், இப்போது இந்த வீட்டையே இரண்டாக்கப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

அவள் கைகளை நிலையிலிருந்து எடுத்தாள். "கிரகணம் விட்டுட்டு" என்றாள். உடனே குடத்திலிருந்த தர்ப்பையை எடுத்து வீசிவிட்டு, ஒரு செம்பு நிறையத் தண்ணீர் மோந்து, தங்கையின் தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். அத்தை மடக் மடக்கென்று குடித்தாள். கட்டி வைத்த பை எங்கே என்று அம்மா தேடுவதற்குள் அது பெரிய அத்தையின் தோளில் இருந்தது.

வாசல் கதவைத் திறந்தோம். மத்தியான வெயில் அடிக்கவில்லை. இரவும் இல்லை. எல்லாவற்றின் மேலும் சாம்பல் தூவின மாதிரி ஒரு மங்கல் வெளிச்சம். எதிர்வீட்டு வேப்பமரத்தடியில், இலைகளின் வழியாக விழுந்த வெளிச்சமெல்லாம் சின்னச் சின்ன வளையல்களாகத் தரை முழுக்கக் கிடந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

"பெரியத்த, இன்னும் விடலியே" என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். பொங்கலுக்கு எடுத்த புதுப் பாவாடைக்கு மேலாகவே அது சுரீரென்று ஏறியது. பெரிய அத்தை உள்ளே போய்ச் சமுக்காளத்தை எடுத்துவந்து, அத்தையைத் தலையோடு காலாக மூடினாள். ஒரு விரல் வெளியே தெரிந்தது, அதையும் உள்ளே தள்ளினாள். கிரகணம் விட்டுவிட்டது என்றால் எதற்கு மூட வேண்டும், விடவில்லை என்றால் எதற்கு வெளியே வந்தோம் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. தொடை வேண்டாம் என்றது.

இந்த உலக்கை விஷயத்தில் என் குழப்பம் அன்றோடு முடியவில்லை. சில நாள் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதே தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திப் பார்த்தேன். நின்றது. வெளியே ஓடிப்போய் வானத்தைப் பார்த்தேன். சூரியன் முழுசாக இருந்தது. மறுநாளும் நிறுத்தினேன், மறுநாளும் நின்றது. உலக்கை பொய் சொல்லாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே நம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கிரகணம் தினமும் நடந்துகொண்டிருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று ஆட்டோவை மாதா கோயில் தெரு அண்ணாச்சி ஒருவர் ஓட்டினார், மாமாவின் சேக்காளி. ஊரே கதவடைத்துக் கிடக்கும்போது இவர் மட்டும் எப்படி வண்டி எடுத்தார் என்று அம்மா கேட்டதற்கு, "கடலுக்குப் போன குடும்பம்மா எங்களது. சூரியன் பாதி இருந்தாலும் முழுசா இருந்தாலும் தொழிலுக்குப் போயித்தான ஆவணும்" என்றார். என்னை வீட்டில் தனியாக விட முடியாது என்று காலடியில் உட்கார வைத்தார்கள். மேலே சமுக்காளத்துக்குள் அத்தை முனகினாள். பெரிய அத்தை வழி நெடுக அவள் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்து, குனிந்து, தன் முதுகை வானத்துக்குக் காட்டியபடி இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அத்தையை நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா கையுறையோடு வெளியே வந்தார்.

"பிள்ளைக்குத் துடிப்பு கொறையுது. ஆபரேஷன்தான் பண்ணணும். இப்பமே அறுத்து எடுக்கணும். யாரு பெரியவங்க?"

அறுக்கணும் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் பெரிய அத்தையைப் பார்த்தேன். அம்மாவும் அவளைத்தான் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்தார். என் பென்சில் சீவியை மூட்டை கட்டிப் பரணில் போட்டவளிடம், அவள் தங்கையின் வயிற்றைக் கத்தியால் கீறலாமா என்று கேட்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே அந்தச் சாம்பல் வெளிச்சம் அப்படியே இருந்தது. இந்த இடத்தில் நிறுத்த உலக்கையும் இல்லை, தட்டிவிட மாமாவின் காலுக்கு வழியும் இல்லை.

பெரிய அத்தையின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள்.

"அறுங்க."

டாக்டரம்மா திரும்பினார். பெரிய அத்தை பின்னாலேயே இரண்டு எட்டு நடந்து, "ரெண்டு உசுரும் வேணும் எனக்கு. அறுத்து எடுங்க" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் உட்கார்ந்தோம். மாமா நின்றுகொண்டே இருந்தார். பிறகு பெரிய அத்தையின் முன்னால் வந்து, "மதினி, அந்த உலக்கை" என்று தொடங்கினார்.

"தானா விழுந்துச்சு" என்றாள் பெரிய அத்தை. "நாந்தான் பாத்துக்கிட்டு நின்னேனே."

எனக்குத் தலை சுற்றியது. தட்டிவிட்டவர் ஒப்புக்கொள்ள வருகிறார், பார்த்தவள் பார்க்கவில்லை என்கிறாள். கோள் சொன்ன சூரியனையும் சந்திரனையும் நினைத்துக்கொண்டேன். இவளும் அன்றைக்கு அந்தப் பந்தியில் இருந்திருந்தால் ராகுவுக்குக் கழுத்து தப்பியிருக்கும்.

நான் கல்லூரியில் படிக்கும்போதுதான், பேச்சுவாக்கில் அம்மா ஒன்றைச் சொன்னாள். பெரிய அத்தைக்குக் கல்யாணமாகி முதலில் ஓர் ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்ததாம். பால் உறிஞ்சத் தெரியவில்லை. பஞ்சில் நனைத்து நனைத்துச் சொட்டு விட்டிருக்கிறாள். இப்போதானால் தைத்துச் சரிசெய்துவிடுவார்கள், அந்தக் காலத்தில் அந்த ஊரில் யாருக்குத் தெரியும். நாற்பதாவது நாள் தீட்டுக் கழிப்பதற்குள் பிள்ளை போய்விட்டது. மாசமாக இருந்தபோது ஒரு கிரகணத்தன்று, பசி தாங்காமல் அடுக்களையில் ஒளிந்து நின்று வெள்ளரிப்பிஞ்சு நறுக்கித் தின்றாள் என்று மாமியார் வீட்டில் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு பிஞ்சு. பிள்ளையை அறுத்துத் தின்றவள் என்றே அவளைப் பேசினார்களாம். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை. இதை அவள் யாரிடமும் மறுத்துச் சொன்னதில்லை, ஏனென்றால் அவளும் அப்படித்தான் நம்பினாள்.

அன்று பெஞ்சில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அவள் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், நான் அவள் மடியில் தலை வைத்திருந்தேன், அவள் தொடை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவ்வளவுதான் தெரியும்.

உள்ளே ஒரு பிள்ளை அழுதது. அம்மா எழுந்து நின்று கும்பிட்டாள். மாமா சுவரில் சாய்ந்து முகத்தை மறைத்துக்கொண்டார். நர்ஸ் பச்சைத் துணியில் பிள்ளையைச் சுற்றிக் கொண்டுவந்து, தாயும் நன்றாக இருக்கிறாள் என்றார். "என்ன பிள்ள?" என்று கேட்டாள் அம்மா. பொம்பளைப் பிள்ளை என்றார் நர்ஸ்.

பெரிய அத்தை எதையும் கேட்கவில்லை. கையில் வாங்கினாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். அங்கே இன்னும் முழு வெளிச்சம் வந்தபாடில்லை. துணியை விலக்கி, பிள்ளையின் மேலுதட்டின் ஓரத்தில் ஆட்காட்டி விரலை வைத்தாள். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை மெதுவாகக் கொண்டுபோனாள். திரும்ப ஆரம்பத்துக்கு வந்து மறுபடியும் தடவினாள். பிள்ளை தலையைத் திருப்பி அந்த விரலைக் கவ்விக்கொண்டு சப்ப ஆரம்பித்தது.

நான் எக்கிப் பார்த்தேன். "என்ன பெரியத்த, அமிர்தம் ஒட்டியிருக்கா?" என்று கேட்டேன்.

அவளுக்கு என் கேள்வி காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. விரலைப் பிடுங்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல், மாமா நிற்கிறார் என்றும் பார்க்காமல், நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் அழுதாள். நான் அம்மாவிடம் போய், "பிள்ளதான் நல்லா இருக்கே, எதுக்கு அழுதாவ?" என்று கேட்டேன். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். இந்தப் பிள்ளை பிழைத்துவிட்ட சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தன் பிள்ளையைத் தான் கொல்லவில்லை என்று அத்தனை வருஷம் கழித்துத் தெரிந்துகொள்கிறவள் எப்படி அழுவாள் என்று எனக்கு அப்போது எங்கே தெரியும்.